மாமியார் நிலத்தில் என் பணத்தில் வீடு: தாய்லாந்தில் எனக்கு என்ன உரிமை?

கேள்வி: நான் திருச்சிக்காரி. 2014-இல் வேலைக்காக பாங்காக் வந்தேன். 2019-இல் சியாங் மாயைச் சேர்ந்த தாய்லாந்துக்காரரைத் திருமணம் செய்துகொண்டேன். மாவட்ட அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்திருக்கிறோம். நான்கு வயதில் ஒரு மகள். சியாங் மாய் பக்கம் சான்சாயில் மாமியார் பெயரில் ஒன்றரை ரை (இங்குள்ள நில அளவு) நிலம் இருக்கிறது, சனோட் என்ற முழு உரிமைப் பத்திரம். அதை மகன் பெயருக்கு எழுதித் தருகிறேன், வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். வீட்டுக்கு 30 லட்சம் பாட் வரை ஆகும். அநேகமாக முழுவதும் என் சேமிப்பு. அதில் பாதி திருமணத்துக்கு முன்பே சேர்த்தது. பக்கத்து நிலமும் விலைக்கு வருகிறது. அதற்கு 'சோ போ கோ' பத்திரம் இருக்கிறதாம். கம்பெனி ஆரம்பித்து வாங்கினால் எனக்கும் பங்கு வரும் என்கிறார் கணவரின் நண்பர். நிலம் வாங்கும்போது அயல்நாட்டு மனைவி ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனாலோ, எங்களுக்குள் ஒத்துவராமல் போனாலோ என் நிலை என்ன? இதையெல்லாம் கேட்டால் மாமியார் தப்பாக நினைப்பாரோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

சகோதரி, மாமியார் நிலத்தை மகன் பெயருக்கு மாற்றுவதை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் நில அலுவலகத்தில் ஒரு பதிவு நடக்க வேண்டும். நீங்கள் கேட்டிருப்பவற்றில் அவசரமானது இதுதான். வரிசை மாறிவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம். ஏன் என்று புரிய, கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. நான் தாய் வழக்கறிஞர்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஆலோசகன்தான். நீதிமன்றத்துக்கோ பதிவுக்கோ போகும்போது தாய் வழக்கறிஞர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தின் நிலச் சட்டம் 1954-இல் வந்தது. அயல்நாட்டவர் நிலம் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவருடைய நாட்டோடு அதற்கான ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்கிறது அதன் 86-ஆவது பிரிவு. 1970-க்குப் பிறகு அப்படிப்பட்ட ஒப்பந்தம் எந்த நாட்டோடும் நடைமுறையில் இல்லை. தாய்லாந்துக்காரரை மணந்தால் இந்தத் தடை விலகாது. 4 கோடி பாட் முதலீடு கொண்டுவந்தால், அமைச்சர் அனுமதியோடு குடியிருக்க ஒரு ரை வரை வாங்கலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. அது நம்மைப் போன்றவர்களுக்கானது இல்லை. 2022 அக்டோபரில் இந்த விதிவிலக்கைக் கொஞ்சம் தளர்த்தும் வரைவுக்கு அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 'நாட்டை விற்கிறார்கள்' என்று எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த விஷயத்தில் இங்குள்ள மனநிலை அப்படி. 'சீக்கிரமே சட்டம் மாறிவிடும்' என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

அடுத்து அந்தக் காகிதம். அயல்நாட்டவரை மணந்த தாய்லாந்துக்காரர், தன் பெயரில் நிலம் வாங்குவதே ஒரு காலத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. கணவன் மனைவியின் பணம் கலந்துதானே இருக்கும், அந்த வழியில் அயல்நாட்டவருக்கும் நிலத்தில் பாதி போய்விடுமே என்பது அரசின் கவலை. 1999-இல் உள்துறை அமைச்சகம் ஒரு வழி செய்தது. நிலம் வாங்கும் பணம் முழுவதும் தாய்லாந்துக்காரரின் தனிச் சொத்து, அயல்நாட்டுத் துணைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டால் பதிவு செய்துகொள்ளலாம். பதிவில்லாமல் சேர்ந்து வாழும் ஜோடிகளிடமும் இதைக் கேட்கிறார்கள். 2025 ஜனவரி 23 முதல் ஒருபால் திருமணமும் இங்கே சட்டப்படி செல்லும். அந்தத் தம்பதிகளுக்கும் நில விஷயத்தில் இதே கதைதான்.

இதை வெறும் சம்பிரதாயம் என்பார்கள், நம்பாதீர்கள். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு, விவாகரத்தில் 'அந்த நிலம் என் பணத்தில் வாங்கியது' என்று பேசினால், அதற்கு எதிராக நிற்கும் முதல் சாட்சி உங்கள் கையெழுத்துதான். பொய்யாக எழுதிக் கொடுத்தீர்கள் என்று அரசு அதிகாரிகள் திருப்பிக் கேட்டால் அது குற்றமாகவும் ஆகலாம். இந்தப் பணத்தை என் கணவருக்கு மனதாரக் கொடுத்துவிட்டேன், திரும்பக் கேட்க மாட்டேன் என்று சொல்ல முடிகிற தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். முப்பது வயதில் காதலித்து மணந்தவரிடம் ஐம்பது வயதிலும் இதையே சொல்ல முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நல்லவேளையாக, உங்களுடைய முக்கியமான விஷயம் இந்தக் காகிதத்தைச் சார்ந்து இல்லை. மாமியார் தானமாகக் கொடுக்கும் நிலம் எப்படியும் உங்கள் கணவரின் தனிச் சொத்துதான். தாய்லாந்தின் சிவில், வணிகச் சட்டத் தொகுப்பில் 1471-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. திருமணத்துக்கு முன்பே இருந்தது, திருமணத்துக்குப் பிறகு தானமாகவோ உயில், வாரிசு வழியாகவோ வந்தது, இவை தனிச் சொத்து. தாய் மொழியில் சின் சுவன் துவா என்பார்கள். திருமணத்துக்குப் பிறகு இருவரில் யார் சம்பாதித்தாலும் அது சின் சோம்ரோட், அதாவது திருமணச் சொத்து. பிரிந்தால் அது சரிபாதி. ஆக அந்த ஒன்றரை ரை, நம் கணக்கில் ஏறக்குறைய 60 சென்ட், உங்களுக்கு வராது. அதை நினைத்து மருக வேண்டாம். அது அவர்கள் வீட்டுச் சொத்து. உங்கள் கவலையெல்லாம் அதன் மேல் எழும்பப் போகும் 30 லட்சம் பாட் வீட்டைப் பற்றியதாக இருக்கட்டும்.

வீட்டைப் பொறுத்தவரை அயல்நாட்டவருக்குத் தடையே இல்லை. கட்டடத்தை நீங்கள் உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நிலத்தில் நிலையாகக் கட்டிய வீடு நிலத்தின் பகுதியாகவே கருதப்படும். நிலம் யாருடையதோ வீடும் அவருடையது. இதிலிருந்து தப்ப 146-ஆவது பிரிவு வழி தருகிறது. அடுத்தவர் நிலத்தின் மேல் ஏதோ ஓர் உரிமை பெற்று, அந்த உரிமையின் பேரில் ஒருவர் கட்டிய கட்டடம் நிலத்தோடு சேராது. அப்படிப்பட்ட உரிமையின் பெயர் 'சித்தி நுவா புன் தின்'. அடுத்தவர் நிலத்தின் மேல் கட்டடம் வைத்துக்கொள்ளும் உரிமை அது. நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவானதும் சனோட் பத்திரத்தின் பின்பக்கப் பட்டியலில் ஏறிவிடும். 30 வருடம் வரை காலக்கெடு வைத்து எழுதலாம், அல்லது ஆயுள் முழுவதும் என்றும் எழுதலாம். வேறு மாதிரி எழுதாத வரை இதை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், வாரிசுக்கும் போகும். உரிமை முடியும்போது கட்டடத்தைப் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம். நிலச் சொந்தக்காரர் சந்தை விலை தந்து வாங்கிக்கொள்ள முன்வந்தால் நியாயமான காரணமின்றி மறுக்க முடியாது. காங்கிரீட் வீட்டைப் பெயர்த்து எங்கே கொண்டுபோவது என்று கேட்பீர்கள். யாரும் பெயர்ப்பதில்லைதான். ஆனால் விலை பேச உட்காரும்போது அந்த உரிமை கையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றில்லை.

இதோடு இன்னொரு உரிமையும் உண்டு. சித்தி கெப் கின் என்பார்கள். நிலத்தையும் வீட்டையும் வைத்திருந்து, குடியிருந்து, அதன் பலனை அனுபவிக்கும் உரிமை அது. ஆயுள் முழுவதும் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் போனதும் அதுவும் போய்விடும், மகளுக்குப் போகாது. வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம், மாமரம், பின்னால் காலியாகக் கிடக்கும் இடம் எல்லாம் சேர்ந்து உங்கள் அனுபவத்தில் இருக்க வேண்டுமென்றால் இது பொருத்தம். வீடு மட்டும் கவலையென்றால் முதலில் சொன்னது போதும். இரண்டையும் ஒரே பத்திரத்தில் ஏற்ற அதிகாரி ஒத்துக்கொள்வாரா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். போவதற்கு முன்னால் சான்சாய் நில அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

30 வருடக் குத்தகை என்று இன்னொன்றும் சொல்வார்கள். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும், 30 வருடத்துக்கு மேல் போக முடியாது. முப்பது, இன்னொரு முப்பது, அதற்கும் மேல் ஒரு முப்பது என்று தொண்ணூறு வருடக் கணக்குச் சொல்லி விற்பவர்கள் உண்டு. உறுதியானது முதல் முப்பது மட்டும்தான். குடும்பத்துக்குள் உங்களுக்கு அது தேவையும் இல்லை.

சரி, இப்போது தொடக்கத்தில் சொன்ன அவசரத்துக்கு வருகிறேன். நிலம் உங்கள் கணவர் பெயருக்கு வந்த பிறகு, அவர் உங்களுக்கு இந்த உரிமைகளை எழுதிக் கொடுத்தால் அது கணவன் மனைவிக்கு இடையிலான ஒப்பந்தம். 1469-ஆவது பிரிவின்படி, திருமண வாழ்க்கைக்குள் இருவரும் சொத்து பற்றிச் செய்துகொள்ளும் எந்த ஒப்பந்தத்தையும் இருவரில் யார் வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். திருமணம் நீடிக்கும் வரை எப்போது வேண்டுமானாலும், முறிந்த பிறகும் ஒரு வருடத்துக்குள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோபத்தில் இருக்கும் ஒரு கணவர் நல்ல வழக்கறிஞரைப் பிடித்தால் முதலில் தொடுவது இந்தப் பிரிவைத்தான். அதனால்தான் உரிமையை உங்களுக்குக் கொடுப்பது மாமியாராக இருக்க வேண்டும். நிலம் அவர் பெயரில் இருக்கும்போதே அவர் உங்களுக்கு உரிமையைப் பதிவு செய்து தரட்டும். பிறகு மகனுக்கு எழுதிக் கொடுக்கட்டும். மகனுக்கு நிலம் போகும்போது, பின்பக்கத்தில் எழுதியிருக்கும் உங்கள் உரிமையும் சேர்ந்தே போகும். அது மாமியாருக்கும் உங்களுக்கும் இடையில் நடந்தது. 1469 அங்கே நுழையாது.

இதே ஆட்கள், இதே நிலம், இதே பத்திரங்கள். பதிவு வரிசை மட்டும்தான் வேறு. வீடு கட்டி முடித்து, நிலம் கணவர் பெயருக்குப் போன பிறகு ஆலோசனைக்கு வருபவர்கள்தான் அதிகம்.

மாமியார் மகனுக்கு எழுதித் தரும்போது பெற்றோர் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் தானமாகக் காட்டினால் பதிவுக் கட்டணம் அரசு மதிப்பில் 0.5 சதவீதம்தான், மற்றவர்களுக்கு 2 சதவீதம். முத்திரை வரி தனி. விலைக்கு விற்றதாக எழுத யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செலவும் கூடும், அந்த 1999 காகிதமும் தேவையில்லாமல் உள்ளே வரும்.

வீட்டுக் கட்டட அனுமதி உங்கள் பெயரில் இருக்கட்டும். நகராட்சி எல்லைக்குள் என்றால் நகராட்சியிலும், இல்லையென்றால் அந்தப் பகுதியின் உள்ளாட்சி அலுவலகத்திலும் வாங்க வேண்டும். நிலச் சொந்தக்காரரின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். ஒப்பந்தக்காரரோடு போடும் ஒப்பந்தமும் உங்கள் பெயரில். பணம் ரொக்கமாக வேண்டாம், உங்கள் கணக்கிலிருந்து வங்கி வழியாகப் போகட்டும். வீடு முடிந்ததும் 'தபியன் பான்' என்ற வீட்டுப் பதிவேட்டில் பெயர் சேர்த்துவிட்டால் போதும், வீடு உங்களுடையதுதான் என்பார்கள். அது நம் ஊர் குடும்ப அட்டை மாதிரி, அந்த முகவரியில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், அவ்வளவுதான். நீலப் புத்தகம் தாய் மக்களுக்கு, மஞ்சள் புத்தகம் உங்களைப் போன்ற அயல்நாட்டவருக்கு. வேறு சில வேலைகளுக்கு மஞ்சள் புத்தகம் உதவும், வாங்கி வையுங்கள். ஆனால் அதைச் சொத்துப் பத்திரமாக நினைக்காதீர்கள்.

உங்கள் சேமிப்பில் பாதி திருமணத்துக்கு முந்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் தனிச் சொத்து. அதைக் கொண்டு வாங்கியதும் கட்டியதும் தனிச் சொத்தாகவே தொடரும் என்கிறது 1472-ஆவது பிரிவு. 2019-க்குப் பிறகு சேர்த்த சம்பளம் திருமணச் சொத்து. அது உங்கள் கணக்கில் உங்கள் பெயரில் கிடந்தாலும் பாதி கணவருடையது. அவருடைய சம்பளத்தில் பாதி உங்களுடையது என்பதையும் மறக்க வேண்டாம். எது எந்தப் பணம் என்று தெரியாமல் போனால் சட்டம் அதைத் திருமணச் சொத்து என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே 2014 முதல் 2019 வரையிலான வங்கிக் கணக்குப் பட்டியல்களை இப்போதே வாங்கி வையுங்கள். முடிந்தால் பழைய சேமிப்பை ஒரு தனிக் கணக்குக்கு மாற்றி, அடித்தளம், தூண், கூரை என்று பெரிய செலவுகளை அந்தக் கணக்கிலிருந்தே செய்யுங்கள். மளிகைக் கடைக்கும் மகளின் பள்ளிக்கும் அதிலிருந்து ஒரு பாட்கூட எடுக்க வேண்டாம். இதை எழுதும்போதே குடும்பத்துக்குள் இவ்வளவு கணக்கா என்று எனக்கும் தோன்றுகிறது. கணக்கு வைத்தவர்களின் விவாகரத்துகள் சண்டையில்லாமல் முடிந்ததைப் பார்த்த பிறகு அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டேன்.

திருமணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் செய்திருக்கலாமே என்று யாராவது இப்போது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். திருமணப் பதிவின்போதே, எழுத்தில், இரண்டு சாட்சிகளோடு அதையும் பதிவு செய்திருந்தால்தான் செல்லும். அந்தக் கதவு 2019-இல் மூடிவிட்டது.

பக்கத்து நிலத்துக்கு வருகிறேன். வேண்டாம். சோ போ கோ 4-01 என்பது நிலச் சீர்திருத்தத் திட்டத்தில் விவசாயிக்கு உழுது பிழைக்கக் கொடுத்தது. அதை விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். விற்பவர் காசு வாங்கிக்கொண்டு ஒரு காகிதம் எழுதித் தருவார். அந்தக் காகிதத்துக்கு நில அலுவலகத்தில் மதிப்பு இல்லை. 2024 முதல் இதையே வேளாண்மைக்கான சனோட் ஆக மாற்றித் தருகிறார்கள். பெயரில் சனோட் என்று இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அது தகுதியுள்ள விவசாயிகளுக்குள் மட்டும் கைமாறக்கூடியது. நீங்கள் நினைக்கும் முழு உரிமைப் பத்திரம் அன்று. மாமியார் வைத்திருப்பதில் சிவப்புக் கருடன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் முழு உரிமைச் சனோட். பச்சைக் கருடனும் கருப்புக் கருடனும் அதற்கு ஒரு படி கீழே. 'போ போ தோ 5' என்று எதையாவது காட்டினால் அது நில வரி கட்டிய ரசீது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கம்பெனி யோசனைக்கு நான் அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. ஒரு கம்பெனியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு தாய்லாந்துக்காரர்கள் பெயரில் இருந்தால் அது தாய்லாந்துக் கம்பெனி, நிலம் வாங்கலாம், அதுவரை சரி. ஆனால் அந்தப் பங்குதாரர்கள் பேருக்கு நிற்பவர்களாக இருந்தால், அதாவது பணமும் முடிவும் உங்களுடையதாக இருந்தால், நிலச் சட்டத்தின்படி உங்களுக்கும் அவர்களுக்கும் இரண்டு வருடம் வரை சிறை அல்லது 20,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நிலத்தையும் விற்றாக வேண்டும். அயல்நாட்டவர் தொழில் சட்டம் தனியாகப் பாய்ந்தால் மூன்று வருடம் வரை சிறையும் 10 லட்சம் பாட் வரை அபராதமும் வரலாம். பங்கு வாங்கிய தாய்லாந்துக்காரருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று 2006 முதல் நில அலுவலகங்கள் விசாரிக்கின்றன. புக்கெட், சமூய், பட்டாயா பக்கம் இந்த வகைக் கம்பெனிகள் மேல் சோதனை நடப்பது செய்தியில் அடிக்கடி வருகிறது. தொழிலே செய்யாமல் வீட்டுக்காக ஒரு கம்பெனியை வைத்து, வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்து, இந்தப் பயத்தோடு வாழ வேண்டுமா? நண்பருக்குத் தரகுப் பணம் கிடைக்குமா என்றும் விசாரித்துப் பாருங்கள்.

கணவருக்கு ஏதாவது ஆனால் என்று கேட்டிருக்கிறீர்கள். நிலம் அவர் பெயரில் இருந்து, உயில் இல்லாமல் போனால், மாமனார் உயிரோடு இல்லை என்ற கணக்கில், மகள், மாமியார், நீங்கள் மூவருக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு. திருமணச் சொத்தில் உங்கள் பாதியை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் இந்தக் கணக்கு. பதிவுத் திருமணம் செய்திருப்பதால் இந்தப் பங்கு உங்களுக்கு வருகிறது. சடங்கு மட்டும் நடந்திருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மனைவியே இல்லை. ஆனால் நிலத்தில் வரும் உங்கள் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது. அமைச்சர் அனுமதி தரலாம் என்று 93-ஆவது பிரிவில் இருந்தாலும் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. குறைந்தது 180 நாள், அதிகபட்சம் ஒரு வருடம் என்று கெடு வைப்பார்கள். அதற்குள் விற்க வேண்டும், இல்லையென்றால் நிலத் துறையே விற்றுவிடும். துக்க வீட்டில் இருந்துகொண்டு, மாமியாரோடும் நான்கு வயது மகளோடும் கூட்டாக இருக்கும் நிலத்தில் உங்கள் பங்கை மட்டும் யாருக்கு விற்பீர்கள்?

அதனால் கணவரை ஓர் உயில் எழுதச் சொல்லுங்கள். நிலம் முழுவதும் மகளுக்கு. தன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டால் அதுவே செல்லும். தகராறு வராமல் இருக்க மாவட்ட அலுவலகத்தில் அதிகாரி முன்னால் எழுதுவது இன்னும் நல்லது. சாட்சிகள் வைத்து எழுதினால், சாட்சியோ அவருடைய துணையோ உயிலில் பயன் பெறக் கூடாது என்பதைக் கவனியுங்கள். நாத்தனாரைச் சாட்சியாக வைத்துவிட்டு அவருக்கும் ஒரு பங்கு எழுதினால் அந்தப் பங்கு அடிபட்டுப் போகும். சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பாளர் யார் என்பதையும் உயிலிலேயே எழுதச் சொல்லுங்கள். நீதிமன்றம் அவரை நியமித்த பிறகுதான் வங்கியும் நில அலுவலகமும் அசையும். பெயர் இருந்தால் அந்த வேலை எளிதாகும். மகள் தாய்லாந்துக் குடிமகள், நிலம் வைத்திருக்க அவளுக்குத் தடை இல்லை. அவளுக்கு 20 வயது ஆகும் வரை அவள் பெயரிலுள்ள நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோரே விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. பணத் தேவை வந்தால் இது இடைஞ்சல்தான். நீங்கள் இருக்கும் நிலையில் எனக்கு இது பாதுகாப்பாகவே தெரிகிறது. நிலம் மகளுடையது, வீடும் அதில் வாழும் உரிமையும் உங்களுடையது என்று அமைந்தால் உங்களை யாரும் வெளியேறச் சொல்ல முடியாது.

பிரிய நேர்ந்தால்? இருவரும் ஒத்துக்கொண்டால் மாவட்ட அலுவலகத்திலேயே விவாகரத்து முடியும். எழுத்தில் இருவரும் சம்மதித்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். யாருக்கு எது என்ற உடன்பாட்டையும் அங்கேயே பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பிறகு வழக்குத்தான். ஒத்துக்கொள்ளாவிட்டால் நீதிமன்றம். அங்கே உங்கள் கையில் இருக்கப் போவது மாமியார் பதிவு செய்து தந்த உரிமை, கட்டட அனுமதி, ஒப்பந்தம், வங்கிப் பட்டியல்.

மாமியாரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறீர்கள். உங்களுக்காகக் கேட்பதாக ஆரம்பிக்காதீர்கள். மகன் பெயருக்கு நிலம் போன பிறகு அவர் கடன் வாங்கி அடமானம் வைத்துவிட்டால் பேத்தி எங்கே போவாள் என்று கேளுங்கள். பாங்காக்கில் வேலை போய், சொந்த ஊர் நிலத்தை வங்கியில் வைத்து, அது கைவிட்டுப் போன குடும்பம் ஒன்றையாவது வடக்கு கிராமத்துத் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். இன்னொன்று, அவர் தனக்கே ஓர் ஆயுள்கால உரிமையை அதே நாளில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள். வீடு முன்பகுதியில் உங்களுக்கு, பின்பகுதியில் அவர் இருக்கும் பழைய மர வீடும் காய்கறித் தோட்டமும் அவர் ஆயுள் வரை அவருக்கு. இருவருக்கும் பாதுகாப்பு என்று தெரிந்தால் பேச்சின் தொனியே மாறும். பேசுவது நீங்களாக இல்லாமல் உங்கள் கணவராக இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஏற்பாட்டைத் தன் அம்மாவிடம் சொல்ல அவர் மறுத்தால், 30 லட்சம் பாட் எடுத்து வைப்பதற்கு முன் நீங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

நீங்கள் கேட்காத ஒன்று. முழுப் பணத்தையும் சான்சாயில் போடாமல், சிறிய அடுக்குமாடி வீடு ஒன்றை உங்கள் பெயரிலேயே வாங்கலாம். 1979-இன் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் வீடுகளுக்கான மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை அயல்நாட்டவர் பெயரில் இருக்கலாம். முழு உரிமைப் பத்திரம், உங்கள் பெயர், யாருடைய காகிதமும் வேண்டாம். நிபந்தனை, பணம் வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாக வந்து இங்கே பாட் ஆக மாற வேண்டும். அதற்கு இங்குள்ள வங்கி தரும் சான்றை நில அலுவலகத்தில் காட்ட வேண்டும். பாங்காக்கில் வாங்கும் சம்பளத்தை நேரே கட்டினால், நிரந்தர வசிப்பிட அனுமதி இல்லாத உங்களுக்கு இந்த வழியில் பதிவு ஆகாது. திருச்சியில் என்ஆர்ஈ கணக்கில் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) பணம் இருந்தால் தாராளமாக அனுப்பலாம்; என்ஆர்ஓ கணக்கிலிருந்து (இந்தியாவில் வரும் வருமானத்துக்கான கணக்கு) ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, வரிச் சான்றுகளோடு அனுப்பலாம். அங்கேயே பாட் ஆக மாற்றி அனுப்பச் சொல்லிவிடாதீர்கள், டாலராகவே வரட்டும்.

கடைசியாக, அயல்நாட்டு ஆண்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. தாய்லாந்துக்காரரை மணந்த அயல்நாட்டுப் பெண், தாய்லாந்துக் குடியுரிமைச் சட்டம் 9-ஆவது பிரிவின் கீழ்க் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பதிவுத் திருமணமாகி மூன்று வருடம், குழந்தை இருந்தால் ஒரு வருடம் ஆகியிருந்தால் போதும். கணவரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். முடிவு உள்துறை அமைச்சர் கையில். அயல்நாட்டுக் கணவர் போக வேண்டிய வழியைவிட இது எளிது, ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும். கிடைத்துவிட்டால் நிலம் உங்கள் பெயரிலேயே வாங்கலாம், மேலே சொன்ன பாதித் தொல்லை இல்லை. விலை, இந்தியக் குடியுரிமை. இன்னொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதும் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். திருச்சியில் வயல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ ஓசிஐ அட்டைக்காரருக்கு அனுமதி இல்லை, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகளாக இப்போதே உங்களுக்கு அதே கட்டுப்பாடுதான், பலருக்கு அது தெரிவதில்லை. ஆகவே அப்பா உங்கள் பங்கு வயலைத் தான செட்டில்மெண்டாக எழுதலாம் என்று பேச்சு இருந்தால், அதற்குப் பதில் உயிலாக எழுதச் சொல்லுங்கள். வீட்டுமனை, வீடு என்றால் செட்டில்மெண்டுக்கே தடை இல்லை.